பதினேழாம் எண் கொப்பளித்தாரா?

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது.

பல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் ஆராய்ச்சியில் நான் பதினேழாம் எண். ஈறில் ரத்தம் கசிகிற நாற்பது பேரை அவர் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு மருந்து கலந்த கொப்பளிப்பு நீர். மீதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்பு, மருந்து மட்டும் இல்லை. யாருக்கு எது என்று சொல்லவில்லை. நான்கு வாரம் காலையும் இரவும் கொப்பளித்து, அட்டையில் ஐம்பத்தாறு கட்டங்களில் டிக் போட வேண்டும்.

மூன்றாம் நாளே அந்தக் கசப்பு நாக்கில் ஒட்டி, என் காபி கஷாயமாகிவிட்டது. அதன்பின் கொப்பளிப்பு நீரை வேளை தவறாமல் வாஷ்பேசினில்தான் ஊற்றினேன். கட்டங்கள் அத்தனையும் நிரப்பினேன். (இரண்டு பேனாக்களால். ஒரே பேனா என்றால் ஒரே மூச்சில் போட்டது தெரிந்துவிடும் அல்லவா? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

ஏன் பொய்? முதல் நாள் நாற்காலியில் சாய்ந்தபோது, நான் சொல்லாமலே என் கழுத்துவலியைக் கண்டுகொண்டு, ஒரு துண்டைச் சுருட்டி அடியில் வைத்தவர் அவர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? இதமாக நடந்துகொள்வதும் ஒரு வழிபாடுதான் என்று நம்பி வாழ்கிறவன் நான்.

2

புள்ளியியல் என்பது...

(வேண்டாம். எனக்கே புரியாததை உங்களுக்கு விளக்கி என்ன ஆகப்போகிறது?)

ஆராய்ச்சி செய்த அந்த டாக்டருக்கும் முதலில் புரியவில்லை. கல்லூரியில் ஆராய்ச்சிக் கணக்குகளைச் சரிபார்க்கிற அம்மாளை எல்லாரும் 'கணக்கக்கா' என்பார்கள். அவர் மேசைமுன் டாக்டர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

"மருந்துக்கு ஒரு சக்தியும் இல்லைன்னு முதல்ல வச்சுக்க."

"அக்கா, ரெண்டு வருஷமா ஓடாத் தேஞ்சிருக்கேன். இல்லைன்னு நான் ஏன் வச்சுக்கணும்?"

"வச்சுக்கிட்டாத்தானே, வெறும் குருட்டு அதிர்ஷ்டத்துல இவ்வளவு வித்தியாசம் வருமான்னு கேக்க முடியும்?"

(நான் அந்த அறையில் இல்லை. டாக்டர் சொன்னதை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறேன்.)

விடை வந்தது: வெறும் அதிர்ஷ்டத்தில் வர வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. ஐந்துக்குக் கீழே இருந்தால் ஏற்பார்களாம். ஆறு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். டாக்டருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் அவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. செவ்வாயன்று போன் செய்தார். "ஐயா, உங்கள மாதிரி ஒரு வேளைகூட விடாதவங்களாலதான் இது முடிஞ்சுது. 'எல்லாரும் முறையாப் பயன்படுத்தினாங்க'ன்னே எழுதிட்டேன்."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"வாஷ்பேசினுக்கு ஈறு இரும்பா ஆயிருக்கும். அதையும் ஆராய்ச்சியில சேத்துக்கச் சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"உங்க நல்ல மனசைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. நாளைக்கு அந்த மருந்தை நம்பி வாங்கறவங்களுக்கு மனசு இல்லையா?"

3

அன்று மாலையே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஆனா உங்களுக்கு ரத்தம் நின்னுடுச்சே ஐயா. எப்படி?"

"ஏமாத்தறமேன்னு வெக்கமா இருந்துச்சும்மா. அதான் ரெண்டு வேளையும் ஒழுங்காப் பல் தேய்ச்சேன்."

அவர் நேரே கணக்கக்காவிடம் ஓடினார்.

"பதினேழை எடுத்துடறேன்க்கா."

"எந்தக் குழு?"

"மருந்துக் குழு."

"அப்போ அங்கேயேதான் இருப்பார்."

"கொட்டினவரா!"

"குலுக்கல்ல விழுந்த இடத்துலதான் எண்ணணும். கொட்டினவங்களைப் பொறுக்கி எடுத்தா, மிச்சம் சமர்த்துங்கதான் இருக்கும். சமர்த்துங்களுக்குப் பச்சைத்தண்ணி கொடுத்தாலும் தேறிடும். மருந்து கொடுத்தனுப்பினா என்ன ஆகும்னுதானே உன் கேள்வி? ஜனங்க கொட்டுவாங்க. அதுவும் பதில்ல சேத்திதான்."

டாக்டருக்குத் தலை சுற்றியது. இரண்டு நாளுக்குமேல் மருந்தைத் தொடாத ஒருவன் மருந்துக்கு நற்சான்று கொடுத்திருக்கிறான். விதிப்படி அது செல்லும். நூற்றுக்கு நான்கு அப்படியே நிற்கிறது. ஆனால் 'எல்லாரும்' என்ற சொல் விழுந்துவிட்டது.

"மத்தவங்களும் கொட்டியிருந்தா?"

"அது கணக்குல தெரியாதுடி. வாயத் தொறந்து கேட்டாத்தான் தெரியும்."

4

முடிவு ஒன்று: டாக்டர் 'ஒருவரைத் தவிர எல்லாரும்' என்று திருத்துகிறார். வேலை கிடைக்கிறது. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அந்த ஒருவன் நான் மட்டும்தானா?

முடிவு இரண்டு: எல்லாரையும் கேட்கிறார். பாதிப் பேர் கொட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் ஏட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். வேலை கைநழுவிப் போகிறது. படிக்கட்டில் உட்கார்ந்து அந்தப் பெண் கண் கல...

(மேலே எழுதக் கை வரவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். புதன் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லுங்க ஐயா. மத்த முப்பத்தொம்பது பேரையும் கேக்கட்டுமா?"

இதமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியலம்மா."

"எனக்கும்தான்," என்றார். பிறகு, "கொட்டியிருந்தாலும் கோவிச்சுக்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிட்டுக் கேட்டா, உண்மை வருமில்ல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்தார்.

இப்போது அவர் கையில் பட்டியல் இருக்கிறது. பதினெட்டாம் ஆளின் போன் எண்ணை அழுத்திவிட்டார். அந்த எண் யாருடையது என்று நான் முடிவு செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை. என் கற்பனை இதமான பக்கமாகவே சாய்கிறது. அதை நம்பி ஒரு பெண்ணின் ஏட்டை ஒப்படைக்க முடியாது.

உங்கள் பக்கத்தில் போன் மணி அடிக்கிறது. எடுங்கள்.