சாப்பாட்டு நேரத்துப் பாட்டு

கஸ்தூரி அந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியதும் ஐயாசாமி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஏம்மா, கட்டுனத அவுக்கக் கூடாதும்மா."

"ஒரு நிமிஷம் ஐயா. விரல் வேணும்."

"என்னது?"

"கட்ட விரல். அவரோட போனத் தொறக்கணும்."

அவள் கணவன் குணாளனைக் குளிப்பாட்டிச் சவப்பெட்டிக்குள் வைத்தபோது, இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக் கீற்றால் கட்டியவர் ஐயாசாமிதான். சிம்பாங் ரெங்கம் ஊரில் எந்தத் தமிழர் வீட்டுச் சாவுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை எந்த மனைவியும் அவரிடம் விரலைத் திருப்பிக் கேட்டதில்லை.

"கையக் கட்டறதே போறவங்க நிம்மதியா போவட்டும்னுதான்."

"அவரு எங்கயும் ஓட மாட்டாரு ஐயா. நான் பிடிச்சிக்கறேன்."

பெட்டியின் மறுபக்கம் நின்ற ஸ்பீக்கர்காரன் செல்வா போனை நீட்டினான். கஸ்தூரி கணவனின் வலது கட்டை விரலை எடுத்து அதில் அழுத்தினாள். போன் ஒரு முறை அதிர்ந்தது. திறக்கவில்லை. சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்து மறுபடியும் வைத்தாள். அதே அதிர்வு. குளிர்ந்துபோன அந்த விரலைப் போன் ஒரு மனிதனின் விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"போதும்மா," என்றார் ஐயாசாமி. குரலில் கோபம் இல்லை. துணிக் கீற்றை வாங்கி அவரே மறுபடி கட்டினார், இந்த முறை கொஞ்சம் இறுக்கமாக.

ஐந்து நாள் டிங்கி காய்ச்சல். குளுவாங் மருத்துவமனையில், நினைவு தப்புவதற்கு முந்தைய சாயங்காலம் குணாளன் சொன்னான்: "போன்ல கடைசியா ஒரு பாட்டு இருக்கு. முடிச்சிட்டேன், கஸ்தூரி." அவள், "சரி, கஞ்சிய குடிங்க," என்றாள். அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு அந்தப் பாட்டு வேண்டும். இரண்டு மணிக்கு மின்சுடலைக்கு எடுத்துப் போகிறார்கள். அதற்கு முன்னால் வாசல் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதை முழுதாகக் கேட்க வேண்டும். கையில் தட்டு இல்லாமல் கேட்க வேண்டும்.

பகலில் கூரியர் வேன் ஓட்டினான் குணாளன். வார இறுதிகளில் குளுவாங், ஆயர் ஈத்தாம், கூலாய் என்று கல்யாண மண்டபங்களில் பாடினான். அங்கே அவனுக்குச் சம்பளம் கொடுத்தது சினிமாப் பாட்டுக்கு. அவன் எழுதி, அவனே மெட்டுப் போட்ட பாட்டுகளுக்கு ஒரே ஒரு நேரம்தான் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கேக் வெட்டி முடித்து, "சாப்பாடு ரெடி" என்று அறிவித்து, முந்நூறு பேர் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு பிரியாணிக்கு வரிசை கட்டும் நேரம். அப்போது மேடையைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. என்ன பாடினாலும் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அவனுடைய அக்கா செல்வராணியே தன் மகள் பிரவீனாவின் கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னாள்: "சாப்பாட்டு நேரத்துல ஒன்னோடத பாடிக்க தம்பி. அப்பன்னா ஒன்னும் தெரியாது."

ஒரு முறை அவனுடைய பாட்டு வானொலியில் வந்தது. விடிவதற்கு முன்னால், யாரும் விழித்திருக்காத நேரத்தில். கஸ்தூரி, செனாய் ஊரில் தான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். டிரைவர் மலாய்ப் பாட்டு வைத்திருந்தார். மாற்றச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கேட்டேன், நல்லாருந்துச்சு," என்றாள்.

பிறகு எல்லாப் பாட்டுகளையும் பென்டிரைவில் ஏற்றி, தன் பெயரை ஒட்டி, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தான். சித்தப்பா வீரமுத்து மறு வாரமே அதிலிருந்ததை அழித்துவிட்டுத் தன் பேரப்பிள்ளைகளின் படங்களை ஏற்றிக்கொண்டார். இன்று காலை கூட, கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கிச் சொன்னார்: "நல்ல பென்டிரைவ்மா அது. இன்னும் ஓடுது."

கஸ்தூரி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். செல்வா பின்னாலேயே வந்தான். குணாளன் பாடிய பெரும்பாலான கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வைத்தவன் அவன். இன்று கூடாரத்தில் தேவாரம் ஓடுவதும் அவனுடைய ஸ்பீக்கரில்தான்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வாட்டி எட்டிப் பாத்தியாடா?"

"கல்யாண சீசன் அண்ணி..."

"ஆமா லா. சாவுக்கு சீசன் இல்ல. அதான் வந்துட்ட."

செல்வா அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஃபேஸ்புக்ல லைவ் போடலாமா அண்ணி? குணா அண்ணனுக்கு நல்லா..."

"போட்டன்னா கைய ஒடிப்பேன்."

அவள் கல்யாணத் தேதியைப் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. அவன் பிறந்த தேதியும் இல்லை.

"அண்ணன் சோம்பேறி அண்ணி. நாலு சைபர் போட்டுப் பாருங்க."

போட்டாள். திறந்துகொண்டது. செல்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள்கள் குலுங்குவதைப் பார்த்த கஸ்தூரிக்கு, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

பதிவுகள் நிறைய இருந்தன. எதற்கும் பெயர் இல்லை, எல்லாமே 'புதுசு'. ஒன்றைத் தொட்டாள். கித்தார், இரண்டு வரி, பிறகு அவளுடைய குரல்: "ஏங்க, கேஸ் தீந்துபோச்சு." முடிந்தது. இன்னொன்று. முனகலாக ஒரு மெட்டு. "மழ வருது, துணிய எடுங்கன்னேன்ல?" முடிந்தது. அடுத்தது. "காலையில எனக்கு பஸ்ஸு. கொஞ்சம் மெதுவா."

"எல்லாத்துலயும் நீங்க இருக்கீங்க அண்ணி."

"வீட்லதானடா இருந்தேன். வேற எங்க போவேன்?"

முன் அறையில் சாலை இரைச்சல், பின் அறையில் பக்கத்து வீட்டுக் கராவோக்கே. அதனால் சமையலறையில்தான் பாடிப் பதிவு செய்வான். அவள் வேலை முடிந்து வந்து சமைக்கும் நேரமும் அதுதான். தனக்கு இடைஞ்சல் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொல்லியிருக்கிறாள், பல நாள்.

கடைசிப் பதிவு நீளமாக இருந்தது. செல்வா சத்தத்தைக் கூட்டி மேசை மேல் வைத்தான்.

*விடியறதுக்கு முன்ன பஸ்ஸு வரும்*
*வெளக்க அணைக்காம நீ கெளம்பிடுவ*
*ஜன்னல் கண்ணாடியில நெத்தி மோத*
*செனாய் வரைக்கும் தூங்கிடுவ*

*எழுப்ப எனக்கு மனசும் இல்ல*
*ஏறி வரவே எடமும் இல்ல*

கஸ்தூரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். நெற்றி மோதுவது வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு நாளாவது எழுந்து பஸ் நிற்கும் இடம் வரை கொண்டு விட்டானா? பாட்டில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

அடுத்த வரிக்குக் கித்தார் திரும்பியபோது கதவு திறக்கும் சத்தம். அவளுடைய குரல். அவள் பேசியதை அவளே கேட்டாள். முழுதும் கேட்டு முடித்த பிறகும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வா பாட்டை நிறுத்தினான். "இப்பல்லாம் சாப்ட்வேர் இருக்கு அண்ணி. ஒங்க குரல மட்டும் சுத்தமா தொடச்சி எடுத்துடலாம். ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா..."

"ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க."

"அப்ப அதுக்கு முன்னயே நிறுத்திடறேன்."

"முடிச்சிட்டேன்னு சொன்னாருடா. இதுல எங்க முடிஞ்சிச்சு?"

செல்வா விரலால் பதிவை முன்னே இழுத்தான். நாற்காலி நகரும் சத்தம். தட்டுச் சத்தம். குழாய்த் தண்ணீர். பதிவை நிறுத்த மறந்திருக்கிறான். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஏதோ இருந்தது. இருவரும் போனின் மேல் குனிந்தார்கள். குணாளன் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடுகிறான். சொற்கள் பிடிபடவில்லை.

"பெரிய ஸ்பீக்கர்ல போட்டா கேக்கும் அண்ணி," என்றான் செல்வா. "ஒங்க குரல் வர்ற எடத்துல தாண்டி விட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"கரெக்டா தாண்டிருவியா?"

"கையிலயே வச்சிருக்கேன்."

வெளியே செல்வராணி வழி மறித்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "சாவு வீட்ல கச்சேரியா? ஊர் என்ன பேசும் கஸ்தூரி?"

"நீங்கதான இவ்ளோ நேரம் 'என் பாட்டுக்காரத் தம்பி'ன்னு அழுதீங்க. அந்தப் பாட்டுதான் அக்கா."

"வண்டி வந்துருச்சும்மா," என்றார் ஐயாசாமி. பிறகு செல்வராணியைப் பார்த்தார். "ஒரு பாட்டுதான? போடட்டும்."

தேவாரம் நின்றது. சட்டென்று விழுந்த அந்த அமைதியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இது அவரு எழுதுனது. கடைசியா பாடுனது. கேளுங்க," என்றாள் கஸ்தூரி. வேறு எதுவும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

பெரிய ஸ்பீக்கரில் குணாளனின் குரல் வாட்டசாட்டமாக இருந்தது. 'விடியறதுக்கு முன்ன' என்று தொடங்கியபோது கூடாரம் அசையாமல் இருந்தது. 'வெளக்க அணைக்காம' என்பதற்குள் பின் வரிசையில் யாரோ மின்சுடலைக்கு எந்த வழி என்று கேட்டார்கள். ஹைவே வேண்டாம், பழைய ரோடு நல்லது என்றார் ஒருவர். ஜாம் ஆகும் என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கத்தில் பிரவீனா யாருக்கோ போனில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். வீரமுத்து சித்தப்பா குளிர்பானப் பெட்டிக்குள் கைவிட்டு, பனிக்கட்டியைத் துழாவி, தனக்குப் பிடித்ததைத் தேடினார். யாரும் முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. மெதுவாக, மரியாதையாகத்தான் பேசிக்கொண்டார்கள். பாட்டு அவர்களுக்கு மேலே, கூடாரத் துணியில் மோதிக்கொண்டு, தனியாக நடந்து போயிற்று.

இவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். கையில் தட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

*ஏறி வரவே எடமும் இல்ல*

செல்வா கட்டை விரலைத் திரையில் வைத்தான். கஸ்தூரி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணி, இப்ப தாண்டணும்."

"விடு."

"அண்ணி..."

"ஓடட்டும்னேன்."

கதவு திறந்தது. தெரு முழுக்க அவள் குரல்.

"எத்தன வாட்டி கூப்பிடறது? சோறு ஆறிப் போச்சு. பாடிப் பாடி என்னத்த கண்டீங்க? ஒங்க அக்கா கேட்டாங்களா? ஒங்க சித்தப்பா கேட்டாரா? சோத்துக்கு வரிசையில நிக்கறவன் கூட கேக்க மாட்டேங்கறான். யாருக்குங்க பாடறீங்க?"

கூடாரத்தில் எல்லாப் பேச்சும் நின்றது. வீரமுத்துவின் கை பனிக்கட்டிக்குள்ளேயே இருந்தது. செல்வராணி சவப்பெட்டியைப் பார்த்தாள். ஒவ்வொருவராகக் கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

பதிவில் கஸ்தூரியின் காலடிச் சத்தம் விலகிப் போயிற்று. படுக்கையறைக் கதவு சாத்தப்படும் சத்தம் வந்தது. கித்தாரைச் சுவரில் சாய்க்கும் சத்தம். நாற்காலி. மூடியைத் திறந்து, சோறு போட்டுக்கொண்டு, அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், மெல்லுவதும் விழுங்குவதும்கூடக் கேட்டது. ஒரு தடவை இருமினான். தண்ணீர் குடித்தான்.

யாரும் எழுந்து போகவில்லை. சவ வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்.

குழாய் திறந்தது. தட்டு, பிறகு சட்டி, பிறகு இன்னொரு சட்டி. அதற்கு நடுவில் அவன் பாடத் தொடங்கினான். அதே மெட்டு, விட்ட இடத்திலிருந்து. 'செனாய்' என்று ஒரு சொல் மேலே வந்து, மறுபடி தண்ணீருக்குள் போயிற்று.

"என்ன சொல்றான்?" என்றாள் செல்வராணி.

"ஷ்ஷ்," என்றார் வீரமுத்து.

முன் வரிசையில் இருந்தவர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எழுந்து, சத்தம் வராமல் ஸ்பீக்கரின் பக்கம் நடந்தார்கள். ஐயாசாமி காதருகே கையைக் குவித்துக்கொண்டார். கஸ்தூரி கண்ணை மூடினாள்.

செல்வா சத்தத்தைக் கூட்டினான். தண்ணீரின் சத்தம்தான் கூடியது.