மூன்றாவது கல்சாமியாரின் தாகம்

சாக்கோ போரில் இறந்த படைச் சாமியார்களுக்காக சான் புரோத்தோ சதுக்கத்தில் நிறுத்தியிருக்கும் நான்கு கற்சிலைகளில், இடமிருந்து மூன்றாவது சிலை டெரெரே என்கிற குளிர்ந்த இலைத்தண்ணீர் குடிக்கும். மற்ற மூன்றும் குடிக்காது. முயன்று பார்த்தாகிவிட்டது, ரொட்டிக்கடை ஃபெலிசா ஆரஞ்சுச் சாறுகூட நீட்டிப் பார்த்தாள், கல் அங்கி கறையானதுதான் மிச்சம். நான்கு பேருக்கும் ஒரே முகம். புகைப்படம் கிடைக்கவில்லை என்றான் அசுன்சியோனிலிருந்து வந்த சிற்பி. ஒரு முகத்துக்குத்தான் கூலி பேசினார்கள் என்று ஊர் சொன்னது. பீடத்தில் பெயர் வெட்டியிருப்பதால்தான் மூன்றாமவர் செவெரோ சாமியார் என்று தெரிகிறது.

சாமியாராவதற்கு முன் அவர் வெறும் செவெரோ. பிற்பகல்தோறும் பிரிஹிதா வீட்டு மாமரத்தடியில் டெரெரே சுற்றில் உட்கார்ந்திருப்பான். ஊற்றுகிறவள் பிரிஹிதா. மாட்டுக்கொம்பில் யெர்பா இலையைப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் விட்டு, உலோகக் குழல் அவன் பக்கம் பார்க்கும்படி திருப்பி நீட்டுவாள். உறிஞ்சிவிட்டுப் பேசாமல் திருப்பித் தர வேண்டும். எங்கள் பக்கத்தில் சுற்றில் இருப்பவன் நன்றி சொன்னால், எனக்குப் போதும், எழுந்துகொள்கிறேன் என்று பொருள். சொல்லாதவனுக்கு அடுத்த கொம்பு உண்டு. அவர்களுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. கொம்பு கைமாறும்போது விரல்கள் தேவைக்கு மேல் தங்கியது மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. குருமடத்துக்கு ஏற்றிப் போக வண்டி வந்த அன்றும் அவன் சுற்றில்தான் இருந்தான். காலிக் கொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனான். நன்றி சொல்லவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிரிஹிதா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவர் குருப்பட்டம் பெற்றார், போர் வந்தது, படையோடு போனார். சாக்கோவின் வறண்ட காட்டில் எங்கள் பையன்கள் தோட்டாவுக்குப் பயந்ததைவிடத் தாகத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள். சாகிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கும்போது சாமியார் தன் குடுவையிலிருந்து அவர்கள் உதட்டையும் நனைத்தாராம். எண்ணெய் தீரவில்லை, தண்ணீர் தீர்ந்தது. வற்றிய கிணற்றோரம் சாய்ந்த நிலையில் இறந்து கிடந்தாராம். திரும்பி வந்தவர்கள் சொன்னதைப் பிரிஹிதா கேட்டுவிட்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து நினைவுச்சின்னம் திறந்தார்கள். பேண்டு வாசித்து, மேயர் பேசி, கூட்டம் கலைந்ததும் அவள் கொம்பும் ஜாடியுமாக வந்து, மூன்றாவது சிலை தன் வலப்பக்கம் வரும்படி முக்காலி போட்டு உட்கார்ந்து, குழலைக் கல்லுதட்டில் வைத்தாள். பாவம், புத்தி பிசகிவிட்டது என்று சிலுவை போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அப்போது கொம்பின் அடியில் தண்ணீர் தீரும்போது வருமே, அந்தக் கரகர சத்தம் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

அதன்பின் தினமும் வந்தாள். கோடையில் ஐஸ் விலை ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். மாமரத்தடிச் சுற்றில் இருந்தவர்கள் கல்யாணமாகியும் செத்தும் கரைந்துபோனார்கள். பிரிஹிதாவின் தலை நரைத்தது, கல்லின் முகம் அப்படியே இருந்தது. ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் மருந்துக்கடை அனிசெத்தோ மனைவியை இழந்தபின் அவளிடம் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நமக்கு வயசாகுது பிரிஹிதா. ராத்திரில ரேடியோவைத் தவிர எங்கிட்டப் பேச ஆளில்லை" என்றார். அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அவரைப் பிடிக்காமல் இல்லை, அது எனக்குத் தெரியும். அவர் கடைக்குப் போகும்போது மட்டும் அவள் காதில் கம்மல் ஏறும். "சுத்துல ஒருத்தர் இருக்காரே தோன் அனிசெத்தோ. அவர் எழுந்திரிக்காம நான் எப்படி எழுந்திரிக்கிறது?"

"அவர் செத்துப்போயிட்டாரும்மா."

"செத்தவரு இப்பிடியா உறிஞ்சுவாரு?"

ஃபெலிசா விடவில்லை. "ஏன்டி, உசிரோட இருக்கிறவன் கஷாயம் காய்ச்சித் தர்றேங்கிறான், நீ கல்லுக்குத் தண்ணி ஊத்துறே." பிரிஹிதா இலையைக் கிளறிக்கொண்டே, "நீ உன் புருஷனுக்கு ஊத்தலையா? அவரும் வாயத் தொறந்து நான் பார்த்ததில்ல" என்றாள்.

அனிசெத்தோ பங்குச்சாமியாரிடம் முறையிட்டார். படைச்சாமியார் தன் அதிகாரத்தின் கீழ் வரமாட்டார், ராணுவத்திடம் கேளுங்கள் என்று அவர் கைகழுவினார். வேறு வழியில்லாமல் அனிசெத்தோ சிலையிடமே போய் நின்றார். போகிற வருகிறவர்கள் முன்னால், வருடக்கணக்காக, ஞாயிறு பூசை முடிந்ததும் அதே மன்றாட்டு: "சாமி, ஒரே ஒரு வார்த்தை. நானும் பிழைச்சுப்பேன், அவளும் பிழைச்சுப்பா."

ஒரு ஜனவரிப் பிற்பகல், வெயில் தாங்காமல் நாய்கள்கூட சிலைகளின் நிழலில் படுத்திருந்தபோது, மூன்றாவது சிலை கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டுச் சொன்னது: "நன்றி, பிரிஹிதா. போதும்."

வறண்ட குரல், ஆனால் தெளிவு. ஃபெலிசா கேட்டாள், நான் கேட்டேன், ஐஸ் கொண்டு வந்திருந்த அனிசெத்தோ கேட்டார். அவர் கையிலிருந்த ஐஸ் தரைக்கல்லில் விழுந்து உடைந்தது. அவர் முகத்தில் இருபது வயது குறைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிரிஹிதா அசையவில்லை. கொம்பைப் பார்த்தாள், அனிசெத்தோவைப் பார்த்தாள், எழுந்து போக வேண்டிய தெருவைப் பார்த்தாள். அந்தத் தெருவில் அவள் நடந்து பழகாத ஒரு வீடு இருந்தது.

"எனக்கு வலது காது கொஞ்ச நாளா மந்தம்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். தண்ணீர் விட்டாள். குழலைக் கல்லுதட்டில் வைத்தாள். செவெரோ சாமியாருக்கு யாரையும் மறுத்துப் பழக்கமில்லை. குடித்தார்.

அனிசெத்தோ அடுத்த வருடம் ஒரு தையற்காரியைக் கட்டிக்கொண்டார். சிலை இப்போது ஒவ்வொரு பிற்பகலும் நன்றி சொல்கிறது. சதுக்கத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும். பிரிஹிதாவுக்குக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவளுடைய வலப்பக்கமாக வந்து கூப்பிட்ட தபால்காரனுக்கும், பங்குச்சாமியாருக்கும், எனக்கும் அவள் திரும்பவே இல்லை. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், இப்போது எல்லோரும் இடப்பக்கமாகச் சுற்றிப் போய்த்தான் சொல்கிறோம்.