விருந்துக்கு மறுநாள் காலை

காலை ஆறரை மணிக்கு அரவிந்தனின் முழங்காலில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவனால் அதை விரட்ட முடியவில்லை.

கல்யாணமாகிப் பதினொரு நாள். ஆண்டிமடத்தில் மாமனார் செல்லதுரை வீட்டில் நேற்றுத்தான் மறுவீட்டு விருந்து. உணர்ச்சி எங்கும் போய்விடவில்லை. ஈ நடப்பது நன்றாகவே கூசியது. தொடையை அசை என்று சொன்னால் தொடை கேட்கவில்லை, அவ்வளவுதான். கழுத்து மட்டும் திரும்பியது. மனசோ அறைக்குள் மாட்டிக்கொண்ட குருவிபோலச் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டிருந்தது.

நேற்று இரண்டாவது கரண்டி பிரியாணி வந்தபோது இலையைக் கையால் மறைத்தான். "மாப்ளைக்கு எங்க சமையல் புடிக்கல போல" என்று மாமியார் ஜெயலட்சுமி முகம் வாடினாள். சாப்பிட்டான். கேசரி, முந்திரி மிதக்கும் பாயசம், எல்லாம் சாப்பிட்டான். இப்படி ஆகும் என்று தெரிந்தேதான் சாப்பிட்டான்.

சிந்து காப்பியோடு வந்தாள். "என்னங்க, இன்னும் எந்திரிக்கலையா? தோப்பைக் காட்டணும்னு அப்பா செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"கொஞ்சம் அசதி."

"நேத்து தின்ன தீனிக்கு அசதி வராம என்ன செய்யும்?" சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்து இழுத்தாள். விட்டதும் அது ஈரத்துணிபோலத் தொப்பென்று விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா!"

ஐந்து நிமிடத்தில் அறை நிறைந்துவிட்டது. கண் பட்டுவிட்டது என்றாள் ஜெயலட்சுமி. செல்லதுரை கண்ணையனுக்குப் போன் போட்டார். நாற்பது வருசம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர் கண்ணையன். காய்ச்சலோ மயக்கமோ, வீட்டுக்கே வந்து குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார். பாட்டில் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்ததாக ஊரில் எல்லோருக்கும் நம்பிக்கை.

குளுக்கோஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அரவிந்தன் கழுத்தைச் சட்டென்று திருப்பினான்.

இந்த நோயைக் கண்டுபிடித்த திருச்சி டாக்டர் அவனுக்குப் புரியும்படி சொல்லியிருந்தார். பெரம்பலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் என்று தெரிந்ததும் அவருக்கே உற்சாகமாகிவிட்டது. "நரம்புலேருந்து கரண்ட் வருது தம்பி. தசை சுருங்கணும்னா உள்ள இருக்கற கால்சியம் வெளிய வரணும். அதைத் தொறந்துவிடறதுக்கு தசையோட தோல்ல ஒரு வாசல் இருக்கு, கால்சியம் சேனல்னு பேரு. உங்க ஸ்டார்ட்டர்ல ரிலே மாதிரி. உனக்குப் பொறப்புலயே அந்த வாசல்ல ஒரு ஒழுக்கு. சும்மா இருக்கும்போது தெரியாது. மாவும் இனிப்பும் அதிகமாப் போனா ரத்தத்துல இருக்கற பொட்டாசியமெல்லாம் தசைக்குள்ள ஓடிடும். அப்ப அந்த ஒழுக்கைத் தாங்க முடியாம தசை கரண்டையே வாங்காது." பிறகு விரலை ஆட்டி எச்சரித்தார். "எங்க போனாலும் குளுக்கோஸ் போட மட்டும் விடாத. மூச்சு விடற தசை வரைக்கும் போயிடலாம்."

பொட்டாசியம் மருந்து செட்டிகுளத்தில் அவன் வீட்டில் இருந்தது. பையைப் பிரித்துத் துணி மடிக்கும் புதுப்பெண்டாட்டி கண்ணில் படக்கூடாதென்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தான். அப்பா அய்யாக்கண்ணுவுக்கும் இதே நோய். "நான் சொல்லிட்டா உங்கம்மாவக் கட்டுனேன்? வயசானா தானா கொறஞ்சிடும். வாயத் தொறக்காத" என்று பெண் பார்க்கப் போன அன்றே பஸ்ஸில் சொல்லிவிட்டார்.

கண்ணையன் வந்தார். ஜன்னல் கம்பியில் பாட்டில் தொங்கியது. "ஒண்ணு ஏத்துனா போதும், மாப்ள முந்திரி மரத்துல ஏறிடுவாரு."

"எனக்கு ஊசின்னா பயம்ங்க" என்றான் அரவிந்தன்.

எல்லோரும் சிரித்தார்கள். "காளை மாதிரி இருந்துக்கிட்டு ஊசிக்குப் பயமா?" கண்ணையன் அவன் கையை எடுத்து மடியில் வைத்து ரப்பர் குழாயைக் கட்டினார். அரவிந்தன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அது இன்னொருவருடைய கைபோல அவர் மடியில் சமர்த்தாகக் கிடந்தது. ஒரு பாட்டிலில் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால்? உண்மையைச் சொன்னால், பதினொரு நாள்தானே, சிந்து விட்டுவிட்டுப் போய்விட்டால்? இருமப் பார்த்தான். இருமல் பாதியில் நின்றது. மூச்சு மேலேயே தங்கியது.

"சிந்து, போட விடாத." குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு இது புதுசு இல்ல."

அவன் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னான். குளுக்கோஸ் ஆகாது. பொட்டாசியம் வேண்டும். பிறவியிலேயே இருக்கிறது.

"ஐயோ, ஏமாத்திட்டாங்களே!" ஜெயலட்சுமி தலையில் கை வைத்தாள்.

"நாப்பது வருசமா போடுறேன், ஒருத்தன் செத்ததில்ல" என்று கண்ணையன் முணுமுணுத்தார். ஊசி இன்னும் அவர் விரலிடுக்கிலேயே இருந்தது.

சிந்துதான் குனிந்து ரப்பர் குழாயை அவிழ்த்தாள். "அப்பா, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்க." அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பாதி வழி போனதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "நமக்குப் பொறக்கறதுக்கும் வருமா?"

"பாதிக்குப் பாதின்னாங்க."

அதற்குப் பிறகு ஜெயங்கொண்டம் வரைக்கும் சைரன் சத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி ரத்தம் எடுக்கச் சொன்னாள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினாள், அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பொட்டாசியம் கரைசலைக் குடிக்கக் கொடுத்தாள். பிறகு சீட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலக் கூட வந்தவளிடம் கேட்டாள். "இதுக்கு முன்னாடி இவருக்கு இப்படி வந்திருக்காம்மா?"

"எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றாள் சிந்து. "அவரையே கேளுங்க."

அரவிந்தன் கூரையைப் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. "மொதல்ல பதினேழு வயசுல. பொங்கலுக்கு மறுநாள். கட்டில்லயே மூத்திரம் போயிட்டேன். தன்னோட நோய்தான்னு அப்பாவுக்குத் தோணல, குடிச்சிட்டு வந்திருக்கான்னு அடிச்சாரு. அடி வலிச்சிது, நகர முடியல."

டாக்டரம்மா எழுதினாள். "அப்புறம்?"

அவன் தயங்கினான். சுவரோரம் இருந்த ஸ்டூலை சிந்து இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். அழுதிருந்த கண்கள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"சொல்லுங்க" என்றாள். "ஒண்ணு விடாம."