மூக்கு நாலு, சொல் ஒன்று

காகித ஆலையின் பின்பக்கம் தரைக்குள் புதைந்திருந்த கழிவுத் தொட்டியின் மூடியைக் கடப்பாறை போட்டு நெம்பியதும் ஐந்து பேரும் தள்ளி நின்றார்கள். உள்ளே மூன்று ஆள் ஆழம். அடியில் முழங்கால் அளவு சேறு. அதை வாரி வாளியில் போட ஒருவன் இறங்கியாக வேண்டும். இன்று மாப்பிள்ளையின் முறை.

மாப்பிள்ளை என்றால் அதே குழுவில் எலிமூக்கு என்று பட்டப்பேர் வாங்கியவனின் தங்கையைக் கட்டியவன். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை இந்தக் குழுவில் கொண்டுவந்து சேர்த்ததே எலிமூக்குதான்.

உள்ளே காற்று கெட்டிருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி ஒரு கருவி வாங்கித்தான் வைத்திருந்தது. அது ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருந்தது. சாவிக்காரர் லீவு. சோதனைக்கு வருகிறவர்களிடம் வாங்கியதைக் காட்டினால் போதும், அதை வெளியே எடுக்க வேண்டும் என்று எவன் கேட்டான்? அதனால் குழு தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தது. மூடியைத் திறந்து சற்று ஆறவிட்டு, ஒவ்வொருவராகக் குனிந்து மோந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரி, அல்லது இல்லை. முதலில் மேஸ்திரி, அப்புறம் வயசு வரிசைப்படி மற்றவர்கள். இறங்குகிறவனை மட்டும் கேட்பதில்லை. பயத்தில் எதையாவது உளறுவான் என்று மேஸ்திரி செய்த ஏற்பாடு அது.

வயசுக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். மூக்குக்கு வயசு தெரியுமா?

மேஸ்திரி மண்டியிட்டுக் குனிந்தார். நிமிர்ந்தார். "சரி."

அடுத்தவன் ரேடியோ. வாய் ஓயாததால் வந்த பேர். "சரி. ரோஜாத் தோட்டம் கெட்டுது போங்க."

மூன்றாவது தொப்பிக்காரன். குளிக்கப் போனாலும் தொப்பியைக் கழற்றாதவன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். "சரி."

எலிமூக்கு குனிந்தான். முதல் மூச்சிலேயே அழுகின முட்டை நாற்றம் மண்டைக்குள் ஏறியது. திடுக்கிட்டு மறுபடி இழுத்தான். இந்தத் தடவை ஒன்றும் இல்லை. அந்த வாயுவின் குணமே அதுதான். முதலில் மூக்கைக் குத்தும், பிறகு மூக்கையே மரத்துப்போக வைக்கும். இது அவனுக்கு அப்போது தெரியாது. மனப்பிராந்தியோ என்று குழம்பி நின்றான்.

"என்னடா, இன்னிக்கு எத்தனை எலி? குட்டிங்களும் இருக்கா?" என்றான் ரேடியோ.

எல்லோரும் சிரித்தார்கள். போன மழையில் இவன் 'இல்லை' என்று சொல்லி அரைநாள் வேலை நின்றது. தேடிப் பார்த்தால் ஒரு செத்த எலி. அன்று ஒட்டிய பேர் இன்னும் உரியவில்லை. இப்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இவனைச் சுட்டது.

மூன்று பேர் மூக்கும் பொய், என் ஒரு மூக்கு மட்டும் மெய்யா?

"சரி."

சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மாப்பிள்ளை ஏணியில் இறங்கினான். கயிறு கப்பியில் ஓடி எலிமூக்கின் கையில் வந்து முடிந்தது. சில படிக்கு ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும்.

"மாப்ளே!"

"ம்."

'ஏறு' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் மேஸ்திரியைப் பொய்யன் என்றதாகும், நாளைக்கு இன்னொரு எலிக்கதையாகும். கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டான்.

"மாப்ளே!"

"ம்... ம்."

"மாப்ளே!"

"கதவைச் சாத்து," என்றது கீழேயிருந்து ஒரு குழறல்.

குழிக்குள் ஏது கதவு?

"இழுங்கடா!" என்று கத்தினான் எலிமூக்கு.

"இருப்பா, இப்பத்தானே இறங்குனான்..." என்றான் ரேடியோ.

எலிமூக்கு தனியாகவே இழுத்தான். கயிறு கல்லாய்க் கனத்தது. ஏணியைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது என்று அந்தக் கனமே சொல்லிவிட்டது. ரேடியோ பதறிப்போய் ஏணியில் கால் வைத்தான்.

"இறங்குனா நீயும் பொணம்தான்! வந்து கயித்தப் பிடிடா, நாயே!" என்று அவனை அதட்டினான் எலிமூக்கு.

நாலு பேரும் இழுத்தார்கள். உதடு நீலம் பாரித்த தலை மேலே வந்தது. தரதரவென்று சுவரோரம் காற்றுள்ள பக்கம் இழுத்துப் போனார்கள். மேஸ்திரி அவன் சட்டையைக் கிழித்தார். தொப்பிக்காரன் கன்னத்தில் அறைந்தான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெஞ்சு ஒரு தடவை தூக்கிப் போட்டது. இருமினான், வாந்தி எடுத்தான்.

தொப்பிக்காரன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "எனக்கு லேசா வாடை வந்துச்சு."

"எனக்கும்தான்," என்றான் ரேடியோ. "மேஸ்திரியே சரின்னுட்டாரே, அவருக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மூக்கு போயி ரெண்டு வருஷமாச்சுப்பா. சோப்பும் சாக்கடையும் ஒண்ணுதான். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் சரின்னு சொல்லிட்டு உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். ஏதாச்சும் இருந்தா நீங்க சொல்லுவீங்கல்ல?"

அவர் இவர்களை நம்ப, இவர்கள் அவரை நம்ப, குழியில் கிடந்தவன் மாப்பிள்ளை.

எலிமூக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாப்ளே, எனக்கு நல்லாவே வந்துச்சு. உன்னை இறக்குறதுக்கு முன்னாடியே."

மாப்பிள்ளை சிவந்த கண்ணால் பார்த்தான். "எனக்கும்தான் மச்சான். கயிறு கட்டுறப்பவே வந்துச்சு. நாலு பேரும் சரிங்கிறீங்க, அதுலயும் நீங்க சொன்னப்புறம் நான் எப்படி மாட்டேங்கிறது? பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பீங்க."

ஆபீஸ் கட்டடத்திலிருந்து யாரோ வருவது தெரிந்தது.

"கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுவோம்," என்றான் ரேடியோ. மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். "வீட்டுலயும் அதையே சொல்லு."

"ஆமா, வழுக்கிடுச்சு," என்றான் தொப்பிக்காரன்.

மேஸ்திரி தலையாட்டினார். பிறகு மூவரும் எலிமூக்கைப் பார்த்தார்கள்.

"வழுக்கல," என்றான் அவன். "நாத்தம் வந்துச்சு, நான் சரின்னேன். என் தங்கச்சிகிட்ட நானே சொல்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா? எல்லாருக்கும் வேலை போகும்டா!" என்றான் ரேடியோ.

எலிமூக்கு எழுந்து, ஆபீஸிலிருந்து வருகிற ஆளை நோக்கி நடந்தான். பின்னால் யாராவது கூட வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.