நாற்பத்தோராம் எண்ணின் லைசென்ஸ்

ராய் டெலானியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருதலையாகப் பேசினேன் என்று யாரும் குறைப்பட வேண்டாம். எங்கள் வெஸ்ட் ஹார்லோ ஊருக்கு மது விற்க மாநிலம் ஒதுக்கிய லைசென்ஸ் மொத்தம் ஒன்பது. அதில் மூன்று அவனிடம். இரண்டில் பார் நடத்துகிறான். மூன்றாவதை மெயின் தெருவில் ஒயினும் விற்கிற காபிக்கடை வைத்திருந்த புருஷன் பெண்டாட்டியிடம் வாங்கித் தன் படகுத்துறைக்குக் கொண்டுபோய்விட்டான். மறுவருஷமே அந்தக் கடை மூடிக்கிடந்தது.

என் அக்கா இல்டா ஃபுர்ட்டாடோவின் சாப்பாட்டுக்கடை அதே தெருவில் நாற்பத்தோராம் எண் கட்டடத்தில், குத்தகைக்கு. பத்தொன்பது வருஷமாக அவள் சமைக்கிறாள், நான் பரிமாறுகிறேன். அவள் உப்பு மீனை இரண்டு நாள் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமுமாக அடுக்கி வேகவைத்தால் தெருமுனை வரை மணக்கும். என்ன பிரயோஜனம்? வருகிறவர்கள், "ஒயின் இல்லையா?" என்பார்கள். இல்லை என்றால் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுந்து எதிரே ராயின் பாருக்குப் போய்விடுவார்கள். அங்கே மீன் என்று போடுவது பொரித்த அட்டை. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் கடை ரொம்ப நாள் தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பத்தாவதாக ஒரு லைசென்ஸ் வேண்டுமானால் ஊர் கூடி ஓட்டுப் போடவேண்டும். அப்புறம் பாஸ்டனில் மாநிலச் சட்டசபை அதற்கென்று தனிச் சட்டமே போடவேண்டும். ஒரு கிளாஸ் ஒயினுக்கு ஒரு சட்டம்! அக்கா மூன்று வருஷம் அலைந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட உள்ளரங்கில் ஊர்க்கூட்டம். முதல் ஆளாக மைக்கைப் பிடித்தவன் ராய்.

"பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு. நம்ம பிள்ளைங்க கெட்டுப் போகணுமா?" என்றான். காலையிலிருந்து ராத்திரி வரை ஊற்றிக் கொடுக்கிறவன் கேட்கிற கேள்வி! "அதுவும் போகட்டும். நாளைக்கு இந்தம்மா லைசென்ஸை வித்துட்டுப் போயிட்டா, அது எங்க போய் நிக்கும்?"

அக்காவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். எழுந்து மைக்கிடம் போனாள்.

"எங்கயும் போகாது. சட்டத்துலயே எழுதிடுங்க. யார் நடத்தினாலும் சரி, லைசென்ஸ் நாப்பத்தோராம் நம்பரை விட்டு நகரக் கூடாது. காபிக்கடைக்குப் பண்ணின மாதிரி உன் படகுத்துறைக்கு இழுத்துட்டுப் போக முடியாது, ராய்!"

அரங்கமே சிரித்தது, கை தட்டியது. ஊரின் வக்கீல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உங்க பேரையும் சேர்த்து எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"என் பேர் எதுக்குங்க? இடம் போதும். எனக்காகவா கேக்கறேன்? தெருவுக்காகக் கேக்கறேன்."

மறுபடியும் கை தட்டல். சம்மதிக்கிறவர்களை மஞ்சள் அட்டையைத் தூக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால், ராயும் அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். "மூக்கறுத்துட்டக்கா, அவனே ஓட்டுப் போடறான் பார்" என்றேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நான் ஒரு முட்டாள்.

பதினோரு மாதம் கழித்துச் சட்டம் நிறைவேறியது. கவர்னர் கையெழுத்துப் போட்ட நகலை அக்கா கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினாள். ஒயின் கிளாஸ் ஆறு டஜன் வாங்கினோம். லைசென்ஸுக்கு மனு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. கட்டடம் கைமாறிவிட்டதாம். ஜூனோடு குத்தகை முடிகிறது, புதுப்பிக்க முடியாதாம். கீழே புது முதலாளியின் கையெழுத்து: ராய் டெலானி.

பழைய முதலாளி வருஷாவருஷம் கைகுலுக்கிக் குத்தகையை நீட்டித்தவர். ஃபுளோரிடாவுக்குப் போகிற அவசரத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் அதே ஊர் வக்கீலிடம் ஓடினோம். அவர் சட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இடத்துக்குத்தாம்மா லைசென்ஸ். அங்க யார் இருக்காங்களோ அவங்க கேக்கலாம்" என்றார்.

ஜூன் கடைசியில் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். ராய் அளவு நாடாவோடு வந்தான். பார் மேசை எங்கே போடலாம் என்று எங்கள் தலைக்கு மேலாகவே அளந்தான்.

"ஏன்டா, வெக்கமா இல்ல உனக்கு?" என்றேன்.

"எதுக்கு வெக்கம், கிராசா? உங்கக்கா கேட்டதுக்குத்தானே நானும் கை தூக்கினேன்."

அக்கா நாற்காலியைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த நகலைக் கழற்றி, கண்ணாடி மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மாட்டிய நாளிலிருந்து முந்நூறு முறை படித்ததுதான்.

"கிராசா, இதுல என் பேர் எங்கயுமே இல்லடி."

"அதை மாட்டியே வச்சுட்டுப் போயிடும்மா" என்றான் ராய், நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "அது இந்த இடத்தை விட்டு நகரக் கூடாதாமே."

அதை உடைத்துப் போட நான் சுத்தியலைத் தேடினேன். அதற்குள் அக்கா அதைப் பழையபடி ஆணியில் மாட்டி, கோணலை நேராக்கிவிட்டு இறங்கினாள். ஒயின் கிளாஸ் பெட்டி ஆறையும் பிரிக்காமலே வண்டியில் ஏற்றினோம்.