கெருபுக்கின் வெயில்

ஓர் ஓணானுக்கு எதற்கு விளக்கு என்பதே ரத்ரிக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் பிறந்த சுரபாயாவின் புழுக்கத்தில் பல்லிகள் தாமாகவே கொழுத்துத் திரியும். கல்யாணமாகி, குளிரான லெம்பாங் மலையிலுள்ள மாமனார் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதமே, கணவன் கிலாங் தன் செல்லத் தாடி ஓணான் கெருபுக்கை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வார வேலையாகப் பாத்தாம் தீவுக்குப் போய்விட்டான். "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று வேறு சொன்னான். அதுவோ ஐந்து நாளாக ஒரு சில்வண்டைக்கூடத் தொடவில்லை.

காலை ஆறரைக்கு, கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் கிளிப்பால் மாட்டிய விளக்கைப் போட்டு, உள்ளே அது படுக்கும் கல் சூடேறியதும் சந்தைக்குப் போவாள். ஒன்பது மணிக்குத் திரும்பினால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். கெருபுக் மட்டும் கறுத்துச் சில்லிட்டுக் கிடக்கும். விளக்கை ஒரு சாண் இறக்கி மாட்டினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, அது வாயை ஆவென்று பிளந்தபடி மூலையில் ஒண்டியிருந்தது. சனிக்கிழமை பழையபடி குளிர்.

"நேத்து வெள்ளிக்கிழமை வெந்துச்சு, இன்னைக்கு விறைக்குது. உங்க ஓணானுக்கு என்னைப் பிடிக்கலையா மாஸ்?" என்று தன் ஊர் வழக்கில் கணவனை அழைத்து ஃபோனில் கேட்டாள்.

"கல்லு மேல நாற்பது டிகிரி இருக்கணும், எதிர் மூலையில இருபத்தாறு. சூடு தாங்கலைன்னா ஓட ஒரு இடம் வேணும்ல?"

"காலையில நாற்பதுதான். திரும்பி வந்தா இருபத்திரண்டு."

"பல்பு எரியுதா?"

"எரியுது!"

"அப்புறம் எப்படி?"

"அதைத்தானே நான் கேக்கறேன்!"

திங்களன்று மழை வலுத்ததால் பாதி வழியிலேயே திரும்பினாள். வாசலிலேயே துணி கருகும் வாடை. விளக்கு தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது. நாற்காலியில் இரண்டு ஜோடி சாக்ஸ். ஒன்றின் குதிகால் பழுப்பேறிப் புகைந்தது.

"ஐயோ அப்பா! வீடே பத்திக்கிட்டிருக்கும்!"

குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தார் மாமனார் எங்கோஸ். ஒரு விடுதியில் காவல் வேலை. வெள்ளி மட்டும் விடுமுறை. மருமகளை 'நெங்' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"ஒரு வாரமா எதுவும் காயலை, நெங். இந்த ஊர்ல வேற வெயில் எங்க இருக்கு? வேலைக்குக் கிளம்பறப்ப பழையபடி திருப்பி வெச்சிடுவேன்."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"புது மருமககிட்ட போய் சாக்ஸ் காயலைன்னா சொல்றது?" என்று அவர் தரையைப் பார்த்தார்.

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றே இருவருமாகக் கிளிப்பைக் கழற்றிவிட்டு, யாரும் திருப்ப முடியாதபடி விளக்கை உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள். பல்பைச் சுற்றிக் கம்பிக் கூடு. நாற்காலியை அடுத்த அறைக்கே கடத்தினாள். சாக்ஸை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை கெருபுக்கின் கறுப்பு மறைந்து உடம்பு பழையபடி மஞ்சளாக வெளுத்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு மூன்று சில்வண்டுகளை விழுங்கியது. ரத்ரி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, மாமனார் பக்கத்தில் இருக்கவே கிலாங்கைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டுச்சா! என்ன பண்ணின?"

மாமனார் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"கிளிப் லூசா இருந்துச்சு மாஸ். விளக்கு தன்னால திரும்பிக்கிச்சு."

"தினமுமா? வெள்ளிக்கிழமை மட்டும் திரும்பலையா?"

அவள் திருதிருவென விழித்தாள். எங்கோஸ் ஃபோனைப் பிடுங்கினார். "டேய், அந்தப் பொண்ணைக் குடையாத. எல்லாம் என் சாக்ஸால வந்தது."



"சாக்ஸா?" என்றான் கிலாங். "ஓணான் சாக்ஸைத் தின்னுச்சா?"