வார்தினிக்குப் பரிசாக ஒரு பகல் தூக்கம்

இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதல்ல, யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம், சோலோ நகரத்துச் சந்து ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வார்தினி கட்டிலோரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நினைத்தது நினைத்தபடியே இது... தூங்கு, வார்தினி, தூங்கு, இத்தனை பேர் உன்னைத் தூங்கவைக்க வந்து உட்கார்ந்திருக்கும்போது விழித்துக் கிடப்பது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு, ஆனால் எங்கே படுத்துத் தூங்குவது, கட்டில் நிறைய அணைத்துக்கொண்டு படுக்கிற நீளத் தலையணைகள், வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அடுக்கியதில் ஏதோ ரயிலில் பத்துப் பருமனான ஆட்களுக்கு நடுவே இடம்பிடித்தது மாதிரி இருக்கிறது, ஒரு கால் ஏற்கனவே கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது... எல்லாம் இந்த வாயால் வந்த வினை. போன மாதச் சீட்டுக் கூட்டத்தில் சந்துத் தலைவரின் மனைவி இபு சுலஸ்திரி எல்லார் முன்னாலும், "கூச்சப்படாம சொல்லும்மா, உனக்கு என்னதான் வேணும்? நாங்க குடுத்ததெல்லாம் அலமாரி மேலயே கெடக்குதாமே?" என்று கேட்டபோது, "எல்லாமே உபயோகமா இருக்குங்க" என்று சிரித்து மழுப்பியிருக்கக் கூடாதா? உபயோகம்! ஒன்பது வயதாகியும் பேசாத மகன் பாயுவுக்கு மூளை விருத்திக்கென்று தேன் பாட்டில்கள், மிக்சி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகிற பிள்ளைக்கு ஒரு முரசு, அவன் அம்மாவுக்குப் பொறுமையைப் பற்றிய புத்தகம், அதுவும் ஒரே புத்தகம் மூன்று வீடுகளிலிருந்து, மூன்றாவது வந்தபோதுதான் பொறுமை உண்மையாகவே தேவைப்பட்டது. பாவம், பிரியமாகத்தான் கொடுத்தார்கள், திட்டக்கூட முடியாது. அன்றைக்கு என்ன அசதியோ, வாய் தானாகவே, "தூக்கம்" என்று சொல்லிவிட்டது. இரண்டு மணி நேரம், யாராவது பாயுவைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று.

யாராவது என்றால் ஒருத்தி என்றுதான் நினைத்தாள். அது அவள் தப்பு. இந்தச் சந்தில் யார் எங்கே தனியாகப் போனார்கள், ஒருத்திக்குப் பல் பிடுங்கியதற்கே லாரி பிடித்து மருத்துவமனைக்குப் போய்வந்த கூட்டம், இதற்கு மட்டும் விடுவார்களா, பட்டுத் துப்பட்டாவும் பவுடருமாகச் சந்தே வந்து கூடத்துப் பாயில் உட்கார்ந்துவிட்டது, "நீ போய்ப் படும்மா, நாங்க இருக்கிறதே உனக்குத் தெரியாது" என்று இபு சுலஸ்திரி அவளை அறைக்குள் தள்ளித் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். நிஜமாகவே தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது, இருமல் வந்தவள்கூட வாசலுக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வருகிறாள், இவ்வளவு அமைதியில் எவள் தூங்குவாள்? புருஷன் பரியோனோ இருந்தால் ஒரு கொட்டாவியிலேயே தூங்கிப்போவான், அவன் ஜகார்த்தா பஸ்ஸை ஓட்டிக்கொண்டு எங்கே போகிறானோ... பாயு எங்கே? சத்தமே இல்லையே, பாயு இருக்கிற இடத்தில் சத்தமில்லை என்றால் எதையோ கழற்றிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எழுந்து பார்க்கலாமா? எழுந்தால் கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகும். மூடி போட்ட கண்ணாடித் தம்ளர்களின் சத்தம்... தேநீர் போட்டுவிட்டார்கள், அவர்களே போட்டு அவர்களுக்கே வைத்துக்கொண்டார்கள், நல்லது, குடிக்கட்டும்.

"ரத்மி, டீ ஆறுது பாரு."

"ஆறட்டும்க்கா, வீட்டுக்காரி 'குடிங்க'ன்னு சொல்லாம எப்படித் தொடறது?"

"அவதான் தூங்கறாளே!"

"அப்ப எழுந்திரிக்கிற வரைக்கும் உக்காரு. நாம என்ன காட்டுலயா வளர்ந்தோம்?"

ஐயையோ. போச்சு. இவள் வாயைத் திறந்து சொல்லாமல் அங்கே ஒரு தொண்டைகூட நனையாது, இந்த வெயிலில், அத்தனை பவுடரோடு... சொன்னால் தூங்கவில்லை என்று தெரிந்துவிடும், சொல்லாவிட்டால் மயங்கி விழுவார்கள், நாளைக்கு இவர்களை லாரி பிடித்துப் பார்க்கப் போகவேண்டியது இவள்தான். அப்போதுதான் அந்தச் சத்தம், கிர்ர்ர்ர்... தம்ளர் மூடி! பாயுதான், தம்ளர் மூடியை எடுத்துத் தரையில் சுற்றிவிட்டிருக்கிறான், உருளுகிற எதையும் விடமாட்டான், தட்டு, காசு, பக்கத்து வீட்டு சைக்கிள் சக்கரம்... விருந்தாளி மூடியையா எடுத்தான், இபு சுலஸ்திரியுடையதாக மட்டும் இருக்கக்கூடாது...

"என்னோடதுதான்," என்று கிசுகிசுத்தாள் இபு சுலஸ்திரி. "விடு, விடு, எவ்வளவு நேரம் சுத்துது பாரேன். கண்ணு, எனக்கு ஒரு தடவை குடு."

கிர்ர்ர்ர்... இன்னொன்று. "அக்கா, உங்களுது சாஞ்சிடுச்சு, தோத்தீங்க!" "நீ ஊதினே, பார்த்தேன்!" "உஷ், அவ முழிச்சிடுவா!" இப்போது பத்துப் பன்னிரண்டு மூடிகள் சேர்ந்து சுற்றுகின்றன, நாற்பது ஐம்பது வயதுப் பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருப்பார்கள், நடுவில் பாயு... சிரிக்கிறான். தொண்டைக்குள்ளிருந்து குமிழ் விட்டு வருகிற அந்தச் சிரிப்பு. டாக்டரிடம்கூட அடித்துச் சொல்லியிருக்கிறாள், என்னைத் தவிர வேறு யாரிடமும் இப்படிச் சிரிக்கமாட்டான் என்று. பொய்யாகிப்போயிற்றே. சந்தோஷப்படவேண்டியதுதானே, படுகிறாள், படத்தான் செய்கிறாள், பிறகு ஏன் நெஞ்சில் எதுவோ முள் மாதிரி... சரி, முதலில் தாகம். கண்ணைத் திறக்காமல், நாக்கைத் தடித்துப்போன மாதிரி வைத்துக்கொண்டு, தூக்கத்தில் உளறுகிறவள்போல, "எல்லாரும்... குடிங்க..." என்றாள். கூடத்தில் ஒரே உறிஞ்சலாக அத்தனை தம்ளரும் காலி.

"தூக்கத்துலயும் மரியாதை மறக்கல பாரு!" என்றாள் ரத்மி. "எம் மருமக முழிச்சிருக்கும்போதே சொல்லமாட்டா."

மறுபடி மூடிகள். மறுபடி அந்தச் சிரிப்பு. ஏதாவது வேண்டுமென்றால் பாயு வந்து இவள் கட்டை விரலைப் பிடித்து இழுப்பான், அதுதான் அவன் கூப்பிடுகிற விதம், ராத்திரி எத்தனை முறை, சாப்பாட்டுக்கு நடுவில் எத்தனை முறை, இந்த விரல் என்றைக்காவது கழன்று கையோடு வந்துவிடும் என்று பரியோனோவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போது வரவில்லை. இன்னும் வரவில்லை. வரக்கூடாது என்றுதானே கேட்டாள்? இதைத்தானே தலையணை சகிதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்? பிறகு எதற்காக இந்தக் கையைத் திரைச்சீலைப் பக்கம் தொங்கவிட்டு, கட்டை விரலை மட்டும் நீட்டிவைத்துக்கொண்டு கிடக்கிறாள்...

கண்ணே அசரவில்லை என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள், ஆனால் அன்று படுத்த நொடியிலிருந்து மாலைப் பாங்கு வரைக்கும் வார்தினி விட்ட குறட்டை, சந்து முனையில் நின்ற சூப் வண்டிக்காரருக்கும் கேட்டது.